ஏறும் கரண்ட் பில், ஏறும் சிலிண்டர் விலை: பண்ணை வீட்டுக்குச் சூரிய மின்சாரமும் சாண எரிவாயுவும் எப்போது கட்டுப்படியாகும்?



நெல்லுக்கும் கரும்புக்கும் வரவு செலவு எழுதிப் பார்க்கும் நாம், வீட்டில் எரியும் விளக்குக்கும் அடுப்புக்கும் அப்படிக் கணக்கு எழுதுவதில்லை. கரண்ட் பில் வந்தால் கட்டுகிறோம், சிலிண்டர் வந்தால் பணம் கொடுக்கிறோம். இந்த இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 15,000 முதல் 25,000 ரூபாய் வரை போகும் வீடுகள் இன்று கிராமங்களில் நிறைய இருக்கின்றன. ஒரு கறவை மாட்டின் ஓராண்டு லாபத்தை அது விழுங்கிவிடும்.

இன்னொரு பக்கம், ‘மானியத்தில் சோலார் போடுங்கள், இனி பில்லே வராது’ என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராக முகவர்கள் வருகிறார்கள். சிலருக்கு அது உண்மையாகவே நல்ல முதலீடு. வேறு சிலருக்கு, நகையை அடகு வைத்துத் தேவையில்லாத செலவில் இறங்கியதாக முடியும். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை உங்கள் வீட்டு மின் அட்டையை வைத்தே கண்டுபிடிக்கலாம். அதற்கான வழியை இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

கட்டணம் ஏன் ஏறுகிறது?

‘ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலை சுற்றுகிறது, கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது, பிறகு ஏன் கட்டணம் ஏறுகிறது?’ என்று பயிற்சிகளில் விவசாயிகள் கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான்.

காற்றாலை மின்சாரம் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுக் காலத்தில் கிடைக்கிறது. சூரிய மின்சாரம் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை நன்றாக வருகிறது. ஆனால் வீடுகளில் தேவை உச்சத்துக்குப் போவது மாலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை. அந்த நேரத்தில் அனல் மின்சாரத்தையும் வெளிச்சந்தையில் வாங்கும் மின்சாரத்தையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மின் சந்தையில் ஒரு யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். கோடை மாலைகளில் விலை அந்த வரம்பைத் தொடுவதும் உண்டு. இதனுடன் நிலக்கரி விலை, கம்பி, மின்மாற்றி பராமரிப்பு, பழைய கடனுக்கான வட்டி எல்லாம் சேர்கின்றன.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10 முதல் மின் கட்டணம் பெரிய அளவில் உயர்ந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஜூலை மாதந்தோறும், விலைவாசி உயர்வு அல்லது 6 சதவீதம், இதில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணத்தை உயர்த்தலாம் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அப்போதே வழிவகுத்தது. 2024 ஜூலையில் 4.83 சதவீதம் உயர்ந்தது. சில ஆண்டுகளில் வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனாலும் கட்டணம் இறங்கும் என்று நம்பித் திட்டமிட முடியாது.

சிலிண்டர் கதை வேறு. நம் நாட்டுக்குத் தேவையான எல்.பி.ஜி.யில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். வளைகுடாவில் விலை அசைந்தால் நம் அடுப்படியிலும் அசையும். சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2023 ஆகஸ்ட் வரை 1,118.50 ரூபாயாக இருந்தது. பிறகு 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் கூடி 868.50 ஆனது. இப்படி ஏறி இறங்கும் விலையை நம்பித்தான் நம் அடுப்பு எரிகிறது.

முதலில் மின் அட்டையைப் படியுங்கள்

நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். அதற்கு மேல் கட்டணம் படிப்படியாக ஏறும். கணக்கு எளிதாக இருப்பதற்காக 2022 செப்டம்பர் கட்டணத்தையே இங்கே எடுத்துக்கொள்வோம். இன்றைய தொகை இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால்:
- 1 முதல் 100 வரை: இலவசம்
- 101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு 2.25 ரூபாய்
- 201 முதல் 400 வரை: 4.50 ரூபாய்
- 401 முதல் 500 வரை: 6 ரூபாய்

500 யூனிட்டைத் தாண்டினால்:
- 1 முதல் 100 வரை: இலவசம்
- 101 முதல் 400 வரை: 4.50 ரூபாய்
- 401 முதல் 500 வரை: 6 ரூபாய்
- 501 முதல் 600 வரை: 8 ரூபாய்
- 601 முதல் 800 வரை: 9 ரூபாய்
- அதற்கு மேல் இன்னும் கூடுதல்

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. 500 யூனிட் ஓடிய வீட்டுக்குப் பில் 1,725 ரூபாய். 501 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் தாண்டியதற்கு 233 ரூபாய் கூடுகிறது. ஏனென்றால் 500ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரை கிடைத்த 2.25 ரூபாய்ச் சலுகை கைவிட்டுப் போகிறது. வரப்பு ஒரு இடத்தில் உடைந்தால் வயல் முழுக்கத் தண்ணீர் வடிவதைப் போலத்தான் இதுவும்.

ஆகவே கடந்த ஓராண்டில் வந்த ஆறு பில்களையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை யூனிட் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தொகையைப் பார்க்க வேண்டாம், யூனிட்டைப் பாருங்கள். இனி எடுக்கப்போகும் எல்லா முடிவுக்கும் இந்த ஆறு எண்கள்தான் அடிப்படை.

செலவைக் குறைப்பது, புதிதாகப் போடுவதைவிட மலிவு

இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் ஓடும் ஒரு பண்ணை வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய கணக்கில் அதன் பில் 2,930 ரூபாய். அந்த வீட்டில் மூன்று பழைய மின்விசிறிகள் ஓடுகின்றன.

பழைய விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். கோடையில் நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் சுமார் 67 யூனிட். அதே வேலையைச் செய்யும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில்தான் இழுக்கும். 60 நாளுக்கு 27 யூனிட். ஒரு விசிறியில் 40 யூனிட் மிச்சம், மூன்றில் 120 யூனிட். 620 யூனிட் 500க்கு இறங்கிவிடும். பில் 2,930 ரூபாயிலிருந்து 1,725 ரூபாய்க்கு வந்துவிடும். ஒரு பில்லில் மட்டும் 1,205 ரூபாய் மிச்சம்.

மூன்று விசிறிக்கு 9,000 ரூபாய் செலவானாலும், மழைக்காலத்தில் விசிறி குறைவாக ஓடுவதைக் கழித்துப் பார்த்தாலும், இரண்டு ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். இவ்வளவு விரைவாகப் பணத்தைத் திருப்பித் தரும் முதலீடு சோலாரிலும் கிடையாது.

விசிறியைப் போலவே கவனிக்க வேண்டியவை இன்னும் சில:

- வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றும் 1 எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும். தொட்டி நிரம்பி வழிய வழிய ஓடவிட்டால் அது வீண். மிதவை சுவிட்ச் ஒன்று போட்டால் போதும்.
- 2,000 வாட் வெந்நீர் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வெந்நீருக்கு மட்டைகளும் பாளையும் எரிக்கும் வீடுகள் புகைபோக்கி உள்ள அடுப்பை வெளியே வைத்துக்கொள்ளலாம்.
- ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கக்கூடியது. புதிதாக வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் நட்சத்திரக் குறியீட்டையும் பாருங்கள்.
- பழைய குளிர்பதனப் பெட்டியின் கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று பொருள்.

கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சாரம் இருக்கிறதே என்று அந்த இணைப்பிலிருந்து வீட்டுக்கோ, மாட்டுக் கொட்டகைக்கோ ஒயர் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 1990 முதல் விவசாயிகளுக்குக் கிடைத்துவரும் இலவச மின்சாரம் பாசனத்துக்காக மட்டுமே. வேறு பயன்பாட்டுக்கு இழுத்தால் 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி முறைகேடான பயன்பாடு. அபராதம் வருவதோடு, அவசரமாக இழுத்த ஒயரில் மாடும் மனிதரும் அடிபடும் ஆபத்தும் இருக்கிறது.

சோலார் யாருக்குக் கட்டுப்படியாகும்?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், வீட்டுக் கூரையில் சோலார் அமைக்க மத்திய அரசு மானியம் தருகிறது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். மூன்றுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் 78,000 ரூபாய்தான்.

நம் மாநிலத்து வெயிலில் 1 கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். அதற்கு நிழல் விழாத 100 சதுர அடிக் கூரை வேண்டும். பகலில் நீங்கள் பயன்படுத்தியது போக மிஞ்சும் மின்சாரம் வாரியத்தின் கம்பிக்குப் போகும். இரவில் கம்பியிலிருந்து நீங்கள் எடுப்பீர்கள். எடுத்ததிலிருந்து கொடுத்ததைக் கழித்து மீதிக்குத்தான் பில். இதைத்தான் நெட் மீட்டர் என்கிறார்கள்.

இப்போது மூன்று கணக்குகளைப் பார்ப்போம். 1 கிலோவாட்டுக்கு நிறுவும் செலவு 70,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 1,30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் கிடைக்கும் விலைப்புள்ளியை இந்த இடத்தில் போட்டு நீங்களே கணக்கிடலாம்.

முதல் வீடு: இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். பில் 675 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் மீதி 60 யூனிட்தான், பில் பூஜ்யம். ஆண்டு மிச்சம் 4,050 ரூபாய். மானியம் போகக் கைச்செலவு 40,000 ரூபாய். பணம் திரும்பப் பத்து ஆண்டு ஆகும். அந்த 40,000 ரூபாயை 9 சதவீத வட்டிக்கு நகைக்கடனாக எடுத்திருந்தால் ஆண்டு வட்டியே 3,600 ரூபாய். மிச்சமாவது 450 ரூபாய். அசல் கட்ட எங்கே போவது? இந்த வீட்டுக்கு இப்போதைக்குச் சோலார் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. பில் பூஜ்யம் ஆகும் என்று முகவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஏற்கெனவே சிறிய பில்லைப் பூஜ்யமாக்கப் பெரிய பணம் போடுவதில் பயனில்லை.

இரண்டாவது வீடு: 620 யூனிட், விசிறி எதையும் மாற்றவில்லை. 1 கிலோவாட் போட்டால் 380 யூனிட்டுக்கு இறங்கி, பில் 1,035 ரூபாய் ஆகும். ஆண்டு மிச்சம் 11,370 ரூபாய். மூன்றரை ஆண்டில் பணம் திரும்பும். 2 கிலோவாட் போட்டால் பில் 90 ரூபாய்தான். ஆண்டு மிச்சம் 17,040 ரூபாய், கைச்செலவு 70,000 ரூபாய். நான்கு ஆண்டுக்குச் சற்று மேல்.

மூன்றாவது கணக்கு: அதே வீடு விசிறியை மாற்றி 500 யூனிட்டுக்கு இறங்கிய பிறகு சோலார் போடுகிறது. 1 கிலோவாட்டில் பில் 1,725 ரூபாயிலிருந்து 495 ரூபாயாகும். ஆண்டு மிச்சம் 7,380 ரூபாய். பணம் திரும்ப ஐந்தரை ஆண்டு. 2 கிலோவாட் போட்டால் ஏறத்தாழ ஏழு ஆண்டு.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். முதல் கிலோவாட்தான் அதிகம் சம்பாதித்துக் கொடுக்கிறது. ஏனென்றால் அது பில்லின் உச்சியில் உள்ள 8 ரூபாய், 9 ரூபாய் யூனிட்டுகளை வெட்டுகிறது. அடுத்தடுத்த கிலோவாட்டுகள் மலிவான யூனிட்டுகளைத்தான் வெட்டும். ஆகவே பில் பூஜ்யம் ஆகும் அளவுக்குப் பெரிதாகப் போட வேண்டும் என்ற அவசியம் இல்லை. தேவைக்கு மேல் போட்டு, மிஞ்சியதை வாரியத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று சொன்னால் நம்பாதீர்கள். மிஞ்சும் மின்சாரத்துக்குக் கிடைக்கும் விலை நாம் கொடுக்கும் விலையைவிட நன்றாகக் குறைவு.

பொதுவாகச் சொன்னால், ஆண்டில் பெரும்பாலான பில்கள் 300 யூனிட்டுக்குள் இருந்தால் சோலார் அவசரமில்லை. 400 முதல் 500 வரை என்றால், கையில் பணம் இருந்தால் யோசிக்கலாம். 500ஐத் தொடர்ந்து தாண்டினால், முதலில் வீணாவதைக் குறைத்துவிட்டு, பிறகு சோலார் போடுவது நல்ல முடிவு. பலகைகள் 25 ஆண்டு உழைக்கக்கூடியவை. ஆனால் இடையில் ஒரு முறையாவது இன்வெர்ட்டர் மாற்ற வேண்டிவரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

1. கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, கம்பியில் மின்சாரம் இல்லாதபோது தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் மின் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. மின்தடை நேரத்திலும் வேண்டும் என்றால் பேட்டரியுடன் கூடிய அமைப்பு தேவை. அதன் செலவு தனி.

2. பெயர்ப் பொருத்தம். பல கூட்டுக் குடும்பங்களில் மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. விண்ணப்பம், மின் இணைப்பு, வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயர் இல்லாவிட்டால் மானியம் சிக்கலாகும். முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள்.

3. மானியம் கடைசியில்தான் வரும். அமைத்து, ஆய்வு முடிந்து, நெட் மீட்டர் பொருத்திய பிறகே உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும். ‘மானியத்தை வாங்கித் தருகிறோம், முன்பணம் கொடுங்கள்’ என்று கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

4. திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே மானியம் உண்டு. இந்தியாவில் தயாரான செல்களைக் கொண்ட பலகைகளாகவும் இருக்க வேண்டும். குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். பராமரிப்பு எத்தனை ஆண்டு என்பதும் அதில் இருக்கட்டும்.

5. தென்னை நிழல். நம் பண்ணை வீடுகளைச் சுற்றித் தென்னை இருக்கும். ஒரு மட்டையின் நிழல் ஒரு பலகையில் விழுந்தாலும், வரிசையாக இணைத்த மற்றப் பலகைகளின் உற்பத்தியும் குறையும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சித்திரையில் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். பலகை தெற்கு நோக்கி, 10 முதல் 13 டிகிரி சாய்வில் இருப்பது நல்லது.

6. தூசியும் உப்பும். களம், கடலை உடைக்கும் இடம், மண்பாதை ஆகியவற்றின் அருகே இருக்கும் வீடுகளில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பலகையைக் கழுவ வேண்டும். காலையிலோ மாலையிலோ கழுவுங்கள், சூடான பலகையில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் படியும். மழைநீர் அல்லது நல்ல தண்ணீர் உத்தமம்.

7. காற்று. கடலோர மாவட்டங்களில் புயலையும், பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் ஆடிக் காற்றையும் தாங்கும் வகையில் துத்தநாகப் பூச்சுள்ள சட்டங்களைக் கான்கிரீட்டில் ஊன்ற வேண்டும். ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் நேரடியாகப் பொருத்துவது பாதுகாப்பில்லை. இடிதாங்கியும் தனி எர்த்தும் கட்டாயம்.

மாடு இருக்கும் வீட்டுக்குச் சாண எரிவாயு

சோலாரைப் பற்றிக் கேட்பவர்கள் பலர், கொட்டகையில் இருக்கும் எரிசக்தியை மறந்துவிடுகிறார்கள். 25 கிலோ சாணம் நாளுக்கு 1 கன மீட்டர் எரிவாயு தரும். இதற்கு இரண்டு அல்லது மூன்று பெரிய மாடுகள் போதும். ஒருவருக்குச் சமைக்க நாளுக்குக் கால் கன மீட்டர் வேண்டும் என்பதால், 1 கன மீட்டர் நான்கு பேர் குடும்பத்துக்குச் சரியாக இருக்கும்.

1 கன மீட்டர் சாண எரிவாயு ஏறத்தாழ 0.43 கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம். மாதத்துக்கு 13 கிலோ, அதாவது ஒரு சிலிண்டருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் ஆகிறது என்றால், 868.50 ரூபாய் விலையில் சுமார் 6,900 ரூபாய் மிச்சம். இதோடு கலனிலிருந்து வெளிவரும் சாணக் கழிவு தனி வரவு. நாளுக்கு 25 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் ஊற்றினால் ஆண்டுக்குச் சுமார் 18 டன் ஈரக் கழிவு கிடைக்கும். குப்பையில் வெயில் காய்ந்து வீணாகும் தழைச்சத்து இதில் பெரும்பாலும் தங்கிவிடும். களை விதைகளும் ஈக்களும் குறையும். பாசன நீரோடு கலந்தும் விடலாம், குழியில் விழவைத்து உலர்த்தியும் போடலாம்.

கலன் நின்றுபோவதற்கான காரணங்கள் பெரும்பாலும் இவைதான்:

- அளவு தவறுதல். இரண்டு மாட்டுக்கு 3 கன மீட்டர் கலன் கட்டினால் எரிவாயு வராது. இன்று கொட்டகையில் இருக்கும் சாணத்துக்கு ஏற்றபடி கட்டுங்கள்.
- முதல் நிரப்புக்குச் சாணம் போதாமை. 1 கன மீட்டர் கலனை நிரப்பக் கிட்டத்தட்ட ஒரு டன் சாணம் வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளில் முன்பே சொல்லிச் சேர்த்து வையுங்கள். முதலில் வரும் வாயு எரியாது. அதை வெளியே விட்டுவிடுங்கள்.
- கலக்கும் அளவு. சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரி. கல், மண், வைக்கோல் கலக்கக் கூடாது. பினாயில், சோப்புத் தண்ணீர் உள்ளே போனால் நுண்ணுயிர்கள் இறந்துவிடும். நோய்க்கு மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தைச் சில நாள் தவிர்க்கவும்.
- குழாயில் தண்ணீர் சேருதல். அடுப்பு துள்ளித் துள்ளி எரிந்தால் குழாயில் நீர் இருக்கிறது. தாழ்வான இடத்தில் நீர் வடிக்கும் திருகு வைத்து வாரம் ஒரு முறை வடியுங்கள்.
- எல்.பி.ஜி. அடுப்பையே இணைத்தல். துளை அளவு வேறு. சாண எரிவாயுவுக்கென்றே உள்ள அடுப்பு வேண்டும்.

கலன் வெயில் படும் இடத்தில், கொட்டகைக்கும் அடுப்படிக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்கட்டும். மரவேர் கலனைப் பிளக்கும் என்பதால் மரத்தடி வேண்டாம். நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பகுதிகளில் வாயு உற்பத்தி குறையும் என்பதால் அங்கே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். தினமும் சாணம் கரைத்து ஊற்ற அரை மணி நேரம் ஆகும். அந்த வேலையை யார் செய்வது என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுக் கட்டுங்கள். பெரும்பாலும் அது பெண்களின் தலையில்தான் விழுகிறது. அவர்களைக் கேட்காமல் கட்டிய கலன் ஓராண்டு தாண்டுவது அரிது.

இண்டக்‌ஷன் அடுப்பு லாபமா?

மாடு இல்லாத வீட்டுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு ஒரு வழி. ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறத்தாழ 130 யூனிட் ஆகும். யூனிட் 4.50 ரூபாய் என்றால் 585 ரூபாய். 6 ரூபாய் என்றால் 780 ரூபாய். 8 ரூபாய் என்றால் 1,040 ரூபாய். அதாவது 400 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு நல்ல லாபம், 500ஐத் தாண்டும் வீட்டுக்கு நட்டம். சோலார் போட்ட வீட்டில், பகலில் சோறும் பருப்பும் இண்டக்‌ஷனில் வைப்பது சரியான சேர்க்கை. சிலிண்டரை முழுதாக விட்டுவிட வேண்டாம். மின்தடைக்கு ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

சோலார் பம்பு பற்றி ஒரு வார்த்தை

வீட்டுச் சோலாரும் பம்புக்கான சோலாரும் வெவ்வேறு திட்டங்கள். மின் இணைப்பு இல்லாத, டீசல் இன்ஜினில் இறைக்கும் விவசாயிகளுக்குத்தான் சோலார் பம்பு அதிகப் பயன் தரும். 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் கீழ் 7.5 எச்.பி. வரை மத்திய அரசு 30 சதவீதமும் மாநில அரசு 30 சதவீதமும் மானியம் தருகின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியமும் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையின் உபகோட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். வெயில் இருக்கும்வரை செலவில்லாமல் தண்ணீர் வரும் என்பதால் இறைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். சொட்டுநீர்ப் பாசனத்தோடு சேர்த்துப் போடாவிட்டால் சில ஆண்டுகளில் பம்பு இருக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்காது.

எந்த வரிசையில் செய்வது?

இந்த வாரம் ஆறு பில்களின் யூனிட்டையும், ஓராண்டில் வாங்கிய சிலிண்டர் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். அடுத்த ரீடிங்குக்குள் விசிறி, விளக்கு, மோட்டார் வீணாவதைச் சரிசெய்யுங்கள். இரண்டு மாடாவது நிரந்தரமாக இருக்கும் வீடு சாண எரிவாயுவை முதலில் யோசிக்கட்டும். இவற்றுக்குப் பிறகும் பில் 400ஐயும் 500ஐயும் தாண்டினால் 1 கிலோவாட் சோலாரில் தொடங்குங்கள். பின்னாளில் கூட்டுவதற்கு ஏற்ற இன்வெர்ட்டராக இருக்கட்டும். நகையை வைத்துச் சோலார் போட வேண்டாம். இத்திட்டத்துக்கென்றே பொதுத்துறை வங்கிகள் பிணையில்லாமல் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன, அதைக் கேளுங்கள். மாதத் தவணை உங்கள் பில் மிச்சத்தைவிடக் கூடுதலாக வந்தால் அந்த ஆண்டு காத்திருப்பதே நல்லது.

மானிய அளவும் கட்டணமும் மாறக்கூடியவை. சோலாருக்கு உங்கள் பிரிவு மின்வாரிய அலுவலகத்தையும், சாண எரிவாயுவுக்கு வட்டார வளர்ச்சி அலுவலகத்தையும், இரண்டிலும் தொழில்நுட்ப ஆலோசனைக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகுங்கள். போகும்போது அந்த ஆறு எண்கள் எழுதிய தாளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அது கையில் இருந்தால், யார் என்ன விலை சொன்னாலும் உங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா என்பதை அங்கேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.